மார்பக அல்ட்ராசவுண்ட் மாடல் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. முகாமில் பயன்படுத்தலாமா?

வைகைக்கரை:

வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி இங்கே இருக்கும் டாக்டர்களிடமும், இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

மார்பக அல்ட்ராசவுண்ட் படத்தைக் கொடுத்தால் கட்டி இல்லை, சாதாக் கட்டி, புற்றுநோய்க் கட்டி என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும் மாடல் செய்திருக்கிறோம். டேட்டா, கெய்ரோவில் உள்ள பஹேயா மருத்துவமனையில் 2018இல் சேகரித்த பி.யு.எஸ்.ஐ. தொகுப்பு. காகிள் என்ற டேட்டா தளத்திலிருந்து இறக்கினோம். மூன்று ஃபோல்டர், மொத்தம் 1578 ஃபைல். எல்லாவற்றையும் 224க்கு 224 பிக்சலாக மாற்றினோம். படங்கள் போதாது என்று கைடு சொன்னதால் இடவலமாகத் திருப்பியும், தலைகீழாகத் திருப்பியும், 90 டிகிரி வரை சுழற்றியும் பெருக்கிக்கொண்டோம். அதன்பிறகு கலைத்துப் போட்டு ட்ரெயினிங்குக்கு 80, டெஸ்டுக்கு 20 என்று பிரித்து, இமேஜ்நெட் என்ற பொதுப் படத் தொகுப்பில் முன்பே பயிற்சி பெற்ற ரெஸ்நெட்50 என்ற நெட்வொர்க்கை கூகுளின் கொலாபில் ஓட்டினோம். டெஸ்டில் 98 சதவீதம் வருகிறது.

கைடுக்கு மகிழ்ச்சி. பேப்பராக அனுப்பலாம் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பாடப்புத்தகத்தில் நீர்க்கட்டி என்று தெளிவாகப் போட்டிருந்த ஒரு படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். புற்றுநோய் என்று 0.99 உறுதியோடு சொல்லியது.

இன்னொரு விஷயம். எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். குழு மலையடிவாரக் கிராமங்களில் மருத்துவ முகாம் நடத்துகிறது. அங்கே ரேடியாலஜிஸ்ட் கிடையாது. போனில் செருகும் சின்ன அல்ட்ராசவுண்ட் ப்ரோப் ஒன்றை வாங்கி, இந்த மாடலையும் போனில் ஏற்றிக் கொண்டுபோகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் பெரியம்மாவுக்குக் கட்டி இருப்பது மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதனால் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இந்த 98ஐ நம்பலாமா? நம்பக்கூடாது என்றால் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

கோடும் கணக்கும்:

1578 என்ற எண்ணிலேயே விஷயம் இருக்கிறது, தங்கச்சி. அந்தத் தொகுப்பில் உள்ள அல்ட்ராசவுண்ட் படங்கள் 780தான். சாதாக் கட்டி 437, புற்றுநோய் 210, கட்டி இல்லாதது 133. மீதி ஃபைல்கள் எல்லாம் மாஸ்க். கட்டி இருக்கும் இடத்தை வெள்ளையாகவும் மற்ற இடத்தைக் கறுப்பாகவும் வரைந்து வைத்தவை. அவற்றைத் தனி ஃபோல்டரில் வைக்கவில்லை. அந்தந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே, பெயரின் கடைசியில் மாஸ்க் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஃபோல்டரைச் சொல்லி கேரஸ் லைப்ரரியில் படிக்கச் சொன்னால் அது எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டி இல்லாதவர்களின் மாஸ்க் முழுக்கக் கறுப்பு. சாதாக் கட்டியின் மாஸ்க் பெரும்பாலும் வழவழப்பான முட்டை வடிவம். புற்றுநோயின் மாஸ்க் ஓரம் கிழிந்து பிசிறடித்திருக்கும். உங்கள் டெஸ்டில் பாதி இப்படிப்பட்ட படங்கள். கேள்வித்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மாதிரி. அந்தப் பாதியில் எந்த மாடலும் நூற்றுக்கு நூறு பக்கம் வந்துவிடும்.

அடுத்தது பிரித்த முறை. பெருக்கிய பிறகு பிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரே படத்தின் நேர்ப்பிரதி ட்ரெயினிங்கிலும், திருப்பிய பிரதி டெஸ்டிலும் உட்கார்ந்திருக்கும். முதலில் பிரிக்க வேண்டும், அப்புறம் ட்ரெயினிங் பக்கத்தை மட்டும் பெருக்க வேண்டும். அதைச் சரிசெய்தாலும் இந்தத் தொகுப்பில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். 780 படங்களும் 600 பெண்களிடம் எடுத்தவை. எந்தப் படம் யாருடையது என்ற குறிப்பு கிடையாது. ஒரே கட்டியை இரண்டு கோணத்தில் எடுத்தவை இருக்கின்றன, அச்சு அசலாக ஒன்றேயான படங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு எண், கணக்கிட்டு, ஒன்றுபோல இருப்பவற்றை ஒரு குழுவாக்கி, ஒரு குழு முழுவதும் ஒரே பக்கம் போகுமாறு செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்தபிறகு வரும் எண்ணும் போதாது. வேறு ஊரில், வேறு இயந்திரத்தில் எடுத்த படங்களில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ரியோ டி ஜெனீரோவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வந்த பஸ்-பிரா தொகுப்பை எடுங்கள். 1064 நோயாளிகள், 1875 படங்கள், நான்கு விதமான ஸ்கேன் இயந்திரங்கள். எந்தப் படம் யாருடையது என்று இருக்கிறது, பயாப்ஸி (சதை எடுத்துச் சோதிப்பது) முடிவும் இருக்கிறது. எகிப்தில் பழக்கி பிரேசிலில் சோதியுங்கள். எண் கண்டிப்பாக இறங்கும். இறங்கிய எண்ணைப் பேப்பரில் போடுங்கள், அதற்குத்தான் மதிப்பு.

ஸ்கேன் அறை:

நான் ரேடியாலஜிஸ்ட். மார்பக ஸ்கேன் பார்ப்பது என் அன்றாட வேலை. கோட் பற்றி மேலே சொன்னவர் சொல்லிவிட்டார். படத்தை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றி நான் பேசுகிறேன், ஏனென்றால் மருத்துவ விஷயம் அங்கேதான் தொலைந்திருக்கிறது.

அல்ட்ராசவுண்ட் படத்தில் மேல் என்றால் தோல், கீழ் என்றால் நெஞ்சுக்கூடு. ஒலி மேலிருந்து கீழே போகிறது. பல புற்றுநோய்க் கட்டிகள் ஒலியை விழுங்கும், அதனால் கட்டிக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் விழும். நீர்க்கட்டி ஒலியை அப்படியே விடும், அதனால் அதற்குக் கீழே பளிச்சென்று இருக்கும். நாங்கள் முதலில் பார்ப்பதில் இது ஒன்று. நீங்கள் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நிழல் கட்டிக்கு மேலே, தோல் பக்கம் விழுகிறது. எந்தப் பெண்ணின் உடம்பிலும் அப்படி ஒரு படம் வராது. நிழல் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்றுதான் என்று மாடலுக்கு நீங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

சுழற்றியது இன்னும் மோசம். ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதாக் கட்டி தோலுக்கு இணையாகப் படுத்திருக்கும், உயரத்தைவிட அகலம் அதிகம். புற்றுநோய் பல சமயம் திசுவின் அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வளரும். அதனால் அகலத்தைவிட உயரம் அதிகமாக, நின்றுகொண்டிருக்கும். 90 டிகிரி சுழற்றினால் படுத்திருந்த கட்டி எழுந்து நிற்கும். லேபிளில் மட்டும் சாதாக் கட்டி என்றே இருக்கும். சுழற்றாமல் விட்டாலும், நீளவாக்கில் உள்ள படத்தைச் சதுரமாக அமுக்கினாலே இந்த விகிதம் கெட்டுவிடும். விகிதத்தை மாற்றாமல் சிறிதாக்கி, மிச்ச இடத்தைக் கறுப்பாக நிரப்புங்கள். இடவலமாகத் திருப்புவதில் தவறில்லை, இடது மார்பு வலது மார்பாகும், அவ்வளவுதான்.

அடுத்து, படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பலவற்றில் கட்டியின் ஓரங்களில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும், எழுத்தும் இருக்கும். அது டாக்டர் அளவெடுத்த இடம். கட்டி இல்லாத இடத்தில் யாரும் அளவெடுக்க மாட்டோம். அந்தக் குறியைப் பார்த்தே ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று மாடல் கற்றுக்கொள்ளும். முகாமில் நீங்கள் எடுக்கும் படத்தில் அந்தக் குறி இருக்காது. கிராட்-கேம் ஓட்டி, மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று பாருங்கள். கட்டியின் விளிம்பைப் பார்க்கிறதா, மூலையில் உள்ள எழுத்தைப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி 98 பற்றி. ஸ்கேன் அறையில் என் முன்னால் இருக்கும் கேள்வி ‘இது புற்றுநோயா’ என்பது இல்லை. அதற்குப் பதில் சொல்வது பயாப்ஸி. என்னிடம் உள்ள கேள்வி, இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பலாமா, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லலாமா, இன்றைக்கே ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமா என்பது. பை-ராட்ஸ் என்று நாங்கள் ரிப்போர்ட்டில் போடும் எண் அதற்குத்தான். 3 என்றால் புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, கண்காணிக்கலாம். 4 என்றால் சந்தேகம், பயாப்ஸி. அந்த 4க்குள்ளேயே 2 சதவீதமும் வரும், 95 சதவீதமும் வரும், அதனால்தான் அதை மறுபடி ஏ, பி, சி என்று பிரிக்கிறோம். மூன்றில் ஒரு பெட்டியைச் சொல்லும் மாடல் இந்த முடிவுக்கு உதவாது. எத்தனை சதவீத வாய்ப்பு என்று நம்பும்படியாகச் சொல்லும் மாடல் உதவும். நீர்க்கட்டியைப் புற்றுநோய் என்று 0.99 உறுதியோடு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொன்னது தவறு என்பதைவிட, அந்த 0.99தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. டிரிப்பிள் நெகட்டிவ் வகைப் புற்றுநோய் சில இளம் பெண்களிடம் உருண்டையாக, வழவழப்பான ஓரத்தோடு, அடியில் நிழல் கூட இல்லாமல் வரும். பார்க்கச் சாதாக் கட்டி மாதிரியே இருக்கும். வேகமாக வளர்வதும் அதுதான். வடிவத்தை மட்டும் கற்ற மாடல் இவர்களைத்தான் முதலில் தவறவிடும். எனக்குக் கையால் தொட்டுப் பார்க்கவும், வயதைக் கேட்கவும், ‘எப்போதிலிருந்து இருக்கிறது, வளர்கிறதா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்ததா’ என்று கேட்கவும், டாப்ளர் போட்டு ரத்த ஓட்டம் பார்க்கவும், அக்குளில் நெறி இருக்கிறதா என்று தேடவும் முடிகிறது. உறைந்துபோன ஒரே ஒரு படத்தில் இவை எதுவும் இல்லை.

முகாம் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பெண்கள் வருகிறார்கள், அவர்களில் 5 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் நோய் இருப்பவரை 95 சதவீதமும், இல்லாதவரை 95 சதவீதமும் சரியாகச் சொல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 5 பேரையும் அநேகமாகப் பிடித்துவிடும். கூடவே நோயே இல்லாத 50 பேரிடம் ‘உங்களுக்குப் புற்றுநோய்’ என்று சொல்லும். உங்கள் டேட்டாசெட்டில் நாலில் ஒரு படத்துக்கு மேல் புற்றுநோய், அதனால் இது அங்கே தெரியாது. அந்த 50 பேரும் அடுத்த நாள் கூலியை விட்டுவிட்டு, மாவட்ட மருத்துவமனைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நிற்க வேண்டும். எத்தனை பேர் பயந்துபோய் வராமலே இருந்துவிடுவார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சட்டம். இதை உங்கள் நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின் கீழ் நம் நாட்டில் ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். போனில் செருகும் ப்ரோப்பும் அதில் அடக்கம். மார்பகத்தைப் பார்க்கத்தான் என்று சொல்லி நினைத்த ஊருக்கு எடுத்துப்போக முடியாது. கல்லூரி மாணவர்கள் கையில் அது இருப்பதே வழக்காகிவிடும்.

மால்மோவாசி:

டாக்டர் அக்கா சொன்னதை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தங்கை மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காக இங்கே ஸ்வீடனில் நடந்ததை எழுதுகிறேன்.

இங்கே 40 முதல் 74 வயது வரை உள்ள எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வரச் சொல்லி வீட்டுக்கே கடிதம் வரும். எனக்கும் வருகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகள் தனித்தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம். லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா லாங் தலைமையில் 2021இல் மாசாய் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். வரும் பெண்களைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழையபடி இரண்டு டாக்டர்கள். மறு பாதிக்கு முதலில் மாடல் பார்த்து 1 முதல் 10 வரை எண் போடும். 1 முதல் 9 வரை வந்தால் ஒரு டாக்டர் பார்ப்பார், 10 வந்தால் இரண்டு பேர். சந்தேகமான இடத்தை மாடல் குறித்தும் காட்டும்.

2023இல் முதல் 80,000 பெண்களின் கணக்கு லான்செட் ஆன்காலஜியில் வந்தது. பழைய முறையில் 203 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள், மாடலின் துணையோடு பார்த்ததில் 244 பேர். வீணாகத் திரும்பக் கூப்பிட்டு அலைக்கழித்தது இரண்டு பக்கமும் 1.5 சதவீதம்தான். டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. பிறகு ஒரு லட்சத்தைத் தாண்டிய பெண்களின் கணக்கும் வந்தது, அதில் மாடலின் துணையோடு கண்டுபிடித்த புற்றுநோய் 1000 பேருக்கு 6.4, பழைய முறையில் 5.0.

அங்கே எந்தப் பெண்ணுக்கும் மாடல் தானாக முடிவு சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குறைந்தது ஒரு டாக்டராவது ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். அது செய்தது, டாக்டரின் கண் எங்கே அதிகம் தேவை என்று வரிசைப்படுத்தியது. அதற்குப் பயன்பட்ட மென்பொருள் பல நாடுகளின் மேமோகிராம்களில் பழகியது. இதெல்லாம் நன்றாக நடக்கிறதென்றால், கூப்பிட்டால் உடனே அடுத்த பரிசோதனை கிடைக்கிற ஊர் இது என்பதும் காரணம்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நிழல் விழும் திசையைப் பற்றி எங்கள் வகுப்பில் யாருமே பேசியதில்லை. இரண்டு கேள்விகள். ஸ்வீடனில் மேமோகிராமில் முடிகிறது என்றால் நாங்களும் மேமோகிராம் டேட்டாவுக்கு மாறிவிடலாமா? அப்புறம், டாக்டர் பக்கத்தில் இருந்து பார்ப்பார் என்றால் மாடல் கொஞ்சம் தவறு செய்தாலும் பரவாயில்லையா? அவர் திருத்திவிடுவார்தானே?

கோடும் கணக்கும்:

முதல் கேள்விக்கு மட்டும். மாறலாம், ஆனால் அதே 224ஐ அங்கே கொண்டுபோகாதீர்கள். ஒரு டிஜிட்டல் மேமோகிராம் ஏறக்குறைய 4000 பிக்சல் உயரம், ஒரு பிக்சல் 0.07 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 224ஆகச் சுருக்கினால் ஒரு பிக்சல் 1.25 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆரம்பநிலைப் புற்றுநோயின் அடையாளமாக வரும் நுண் சுண்ணாம்புப் புள்ளிகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. படத்திலேயே இல்லாததை எந்த நெட்வொர்க்கும் கண்டுபிடிக்காது. முழு அளவுப் படத்தைத் துண்டுதுண்டாக வெட்டிப் பழக்க வேண்டும், அதற்கு இலவசக் கொலாப் போதாது.

டேட்டாவைப் பொறுத்தவரை, எல்லோரும் எடுக்கும் சி.பி.ஐ.எஸ்.-டி.டி.எஸ்.எம். பழைய ஃபிலிம்களை ஸ்கேன் செய்தது, இன்றைய டிஜிட்டல் படம் மாதிரி இருக்காது. ஹனோயிலிருந்து வந்த வின்டிஆர்-மாம்மோவில் 5000 பரிசோதனைகளின் 20,000 படங்கள் உண்டு. ஆனால் அதில் இருப்பது ரேடியாலஜிஸ்ட் போட்ட பை-ராட்ஸ் எண், பயாப்ஸி முடிவு இல்லை. அதில் பழகிய மாடல் டாக்டர் என்ன சொல்வார் என்பதைக் கற்கும், கட்டி உண்மையில் என்ன என்பதை இல்லை. இந்த வித்தியாசத்தைப் பேப்பரில் எழுத மறக்காதீர்கள். உங்களுக்கு மிச்சம் இருக்கும் நேரத்தில் அல்ட்ராசவுண்டிலேயே இருந்து ஒழுங்காகச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

ஸ்கேன் அறை:

இரண்டாவது கேள்வி என் துறையில் பெரிய காயம். டாக்டர் திருத்திவிடுவார் என்றுதான் முன்பும் நம்பினார்கள்.

அமெரிக்காவில் 1998இலேயே மேமோகிராமில் சந்தேக இடங்களைக் குறித்துக் காட்டும் கணினிக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. டீப் லேர்னிங்குக்கு முந்தைய காலம், அந்தக் கருவியை சி.ஏ.டி. என்று சொல்வோம். காப்பீட்டில் அதற்குத் தனிக் கட்டணமும் கிடைத்ததால் நாடு முழுவதும் பரவியது. 2007இல் 43 மையங்களின் கணக்கை எடுத்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போட்டார்கள். கருவி வந்த பிறகு, நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது 90.2லிருந்து 87.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. பயாப்ஸி ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. கருவி ஒரு படத்தில் ஏகப்பட்ட குறிகளைப் போடும், டாக்டர் பயந்து ஊசி போட அனுப்புவார். எத்தனையோ பெண்கள் தேவையில்லாமல் குத்துப்பட்டார்கள்.

2023இல் ஜெர்மனியிலிருந்து இன்னொரு சோதனை வந்தது. 27 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்து, பக்கத்தில் ‘ஏ.ஐ. சொன்ன பை-ராட்ஸ்’ என்று ஒரு எண்ணைக் காட்டினார்கள். சில படங்களில் வேண்டுமென்றே தவறான எண். சரியான எண்ணைக் காட்டியபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தவறான எண்ணைக் காட்டியதும் அது 20 சதவீதமாக விழுந்தது. நீண்ட அனுபவம் உள்ளவர்களே 82லிருந்து 45க்கு வந்துவிட்டார்கள். தினமும் படம் பார்ப்பவர்களுக்கே இந்த நிலை. மலையடிவாரத்தில், ஸ்கேன் படமே பார்த்துப் பழகாத ஒரு ஹவுஸ் சர்ஜன் உங்கள் போன் திரையில் பச்சையாக ‘சாதாக் கட்டி’ என்று வந்தால் என்ன செய்வார் என்று யோசியுங்கள்ம்மா. அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவார். அவளும் நிம்மதியாக ஒரு வருடம் இருந்துவிடுவாள்.

அந்தக் கிராமங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. அதற்கு வழியும் இருக்கிறது, அது கருவி இல்லாத வழி. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் 1,51,538 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 20 வருட முடிவு 2021இல் பி.எம்.ஜே.யில் வந்தது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முகாமில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரையும், மறைவான ஒரு அறையையும், கட்டி தெரிந்தால் எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய சீட்டையும் ஏற்பாடு செய்யுங்கள். இன்றைக்கு அந்தப் பெண்களுக்கு எந்த மாடலையும்விட இது அதிகம் உதவும்.

திசு ஆய்வகம்:

நான் பேத்தாலஜி. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், ஏனென்றால் அல்ட்ராசவுண்ட் வேண்டாம் என்று பல மாணவர்கள் அடுத்து ஓடிவருவது எங்கள் பக்கம்தான். பிரேசிலின் பிரேக்ஹிஸ் தொகுப்பில் 7909 மைக்ராஸ்கோப் படங்கள் இருக்கின்றன என்று பார்த்ததும் எல்லோருக்கும் பெரியதாகத் தோன்றும். அத்தனையும் 82 நோயாளிகளின் திசு. ஒரே சதையை 40, 100, 200, 400 மடங்கு என்று நான்கு உருப்பெருக்கத்தில் எடுத்தவை. படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால் ஒரே பெண்ணின் திசு இரண்டு பக்கமும் வந்துவிடும். ஃபைல் பெயரிலேயே நோயாளி எண் இருக்கிறது, அதை வைத்துப் பிரியுங்கள். சாயத்தின் நிறமும் லேபுக்கு லேப் மாறும். எங்கள் ஸ்லைடின் ஊதா வேறு, அவர்களுடைய ஊதா வேறு.

வைகைக்கரை:

முகாமுக்கு மாடலைக் கொண்டுபோவதில்லை என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம். செவிலியர் அக்காவிடம் பேசியாகிவிட்டது. ப்ராஜெக்ட்டை மாற்றி, பஹேயாவில் பழக்கி பஸ்-பிராவில் சோதிக்கும்போது எண் எவ்வளவு இறங்குகிறது, எதனால் இறங்குகிறது என்பதையே ஆய்வாகச் செய்யலாம் என்று கைடிடம் கேட்டேன். முதலில் தயங்கினார், டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டியதும் சம்மதித்தார். கூடவே உள்ளூர் ஸ்கேன் சென்டர் ஒன்றில் நம் ஊர்ப் பெண்களின் படங்கள் கொஞ்சம் வாங்கிச் சோதிக்கலாமா? நம் நாட்டில் மேற்கு நாடுகளைவிடக் குறைந்த வயதிலேயே இந்த நோய் வருகிறது என்று படித்தேன், அதனால் கேட்கிறேன்.

ஸ்கேன் அறை:

கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். இளம் வயது மார்பு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் வெள்ளைக்குள் வெள்ளையாகக் கட்டி மறைந்துவிடும், அதனால்தான் நம்மிடம் அல்ட்ராசவுண்ட் இவ்வளவு முக்கியம்.

ஆனால் சென்டர் உரிமையாளரிடம் நேரே போய் பென் ட்ரைவில் வாங்காதீர்கள். மருத்துவக் கல்லூரி ஒன்றின் ரேடியாலஜி துறையோடு சேர்ந்து, அங்கே உள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். பயாப்ஸி முடிவு வந்த கட்டிகளை மட்டும் கேளுங்கள். வயதும், இயந்திரத்தின் பெயரும் சேர்த்துக் கேளுங்கள். கூட்டல் குறி போடுவதற்கு முன் சேமித்த படம் இருந்தால் அதையே கேளுங்கள்.

டைகாம் என்ற மருத்துவப் பட ஃபைலில் பெயரை நீக்கிவிட்டோம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்டில் நோயாளியின் பெயரும் வயதும் தேதியும் படத்தின் மேல் ஓரத்தில் பிக்சலாகவே பதிந்திருக்கும், ஃபைலின் விவரத்தில் அழித்தாலும் அது போகாது. அந்தப் பட்டையை வெட்டி எடுத்த பிறகுதான் படம் மருத்துவமனையை விட்டு வெளியே வர வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதும்போது இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், குழுவில் முதலில் கேட்பது இதைத்தான்.